இளைய ராணி சொன்னது

ஜின்களில் நூற்று நாற்பத்திரண்டு பேரை ஒற்றக்காவுக்கு நேரில் பழகியதுபோலத் தெரியும். எவனுக்கு எந்தக் கண் போனது, எவளுடைய வாள் எந்தப் போரில் முறிந்தது, முதல் பாகத்தில் செத்துப்போன எந்தக் கிழட்டு ஜின் இரண்டாம் பாகத்தில் வெட்கமில்லாமல் எழுந்துவந்து தண்ணீர் கேட்டது என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அந்தக் கிழவனை அச்சுக்குப் போவதற்கு முந்தின நாள் கையும் களவுமாகப் பிடித்து மறுபடி புதைத்தவளும் அவள்தான்.

பதிப்பகத்தில் மெய்ப்புப் பார்ப்பது அவள் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே மேசை, அதே ஜன்னல், வரி தப்பாமல் இருக்க ஒரு மர அளவுகோல், சிவப்புப் பேனா. ‘வாங்கி கொடுத்தான்’ என்று ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டால், நடுவில் அந்த ‘க்’கைச் செருகும்வரை அவளுக்குத் தேநீர் இறங்காது. ஒற்று விட்டுப்போனால் உயிரே விட்டுப்போனதுபோலப் பதறுகிறாளே என்று அச்சுக்கூடத்துக்காரர்கள் வைத்த பெயர், முதலாளி வாய்வரை போய் ஒட்டிக்கொண்டது.

மூன்று பாகமாகத் திட்டமிட்ட அந்த ஜின் கதைதான் பதிப்பகத்தைத் தூக்கி நிறுத்தியது. தணல் குலம், சூறைக் குலம் என்று இரண்டு கூட்டம். இரண்டுக்கும் தலைமை, அக்காளும் தங்கையுமான இரண்டு ராணிகள். தாய் ராணி சாகும்போது இளையவள் மட்டும் பக்கத்தில் இருந்தாள். எல்லையில் இருந்த மூத்தவள் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. கடைசி மூச்சில் தாய் இளையவளின் காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று மூத்தவள் கேட்க, இளையவள் வாயைத் திறக்கவில்லை. அங்கே மூண்ட சண்டை இரண்டு தடித்த பாகங்களுக்கு எரிந்தது. அந்தச் சொல் மூன்றாம் பாகத்தில்தான் வெளியாகும் என்று எழுத்தாளர் மேடைக்கு மேடை சொல்லிவந்தார்.

உண்மை என்னவென்றால், அது என்ன சொல் என்று அவருக்கே தெரியாது.

இரண்டாம் பாகம் வந்து ஆறு வருடம் ஓடிவிட்டது. வாசகர்கள் கடிதம் எழுதி ஓய்ந்துபோனார்கள். முதலாளி ஒரு வழி கண்டுபிடித்தார். ஒற்றக்காவைச் சனிக்கிழமை தோறும் எழுத்தாளர் வீட்டுக்கு அனுப்புவது. அவர் எழுத எழுத, யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்று அவள் பக்கத்திலிருந்து சொல்வது.

எழுத்தாளர் ஓய்வு பெற்ற பூகோள ஆசிரியர். மனிதர் நல்லவர் என்றுதான் ஒற்றக்கா எல்லோரிடமும் சொல்வாள். அவள் உட்கார நாற்காலியைத் துடைத்துப்போடுவார், தேநீரை அவரே கொண்டுவருவார். ஆனால் காகிதத்தில் ஒரு வரி விழாது.

“ஈட்டிக்காரனை அனுப்பி அவங்க கோட்டையை எரிச்சிடலாமா?”

“ஈட்டிக்காரன் போன பாகத்துலயே போய்ச் சேர்ந்துட்டான் சார். நீங்கதான் கிணத்துல தள்ளினீங்க.”

“அடப்பாவமே. நல்ல பையன்.”

இப்படியே பதினேழு சனிக்கிழமைகள் போயின. பதினெட்டாவது சனிக்கிழமை வெளியே மழை பிடித்துக்கொண்டது. எழுத்தாளர் பேனாவை மூடிவைத்துவிட்டு, “நான் தொலைஞ்சேம்மா. ஒரு தாய் சாகும்போது, ரெண்டு பொண்ணுங்க ஜென்மத்துக்கும் பேசிக்காம போற மாதிரி என்னதான் சொல்லியிருப்பா? எனக்கு ஒண்ணும் தோணலை” என்றார்.

அவர் அவளிடம் கேட்கவில்லை. மழையைப் பார்த்துக் கேட்டார். அவள்தான் பதில் சொன்னாள்.

அவளுக்கும் ஒரே ஒரு அக்கா. ஒன்பது வயது மூத்தவள். அப்பா, இவர்கள் சிறுமிகளாக இருந்தபோதே வீட்டை விட்டுப் போனவர். அக்கா பத்தொன்பது வயதில் பேருந்து நிலைய டிக்கெட் கவுண்டரில் போய் உட்கார்ந்து, அந்தக் கண்ணாடி ஓட்டை வழியாகவே தங்கையைப் படிக்கவைத்தாள், அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அக்கா பிடித்தால் உடும்புப் பிடி. காய்ச்சல் வந்தவளை மருந்து விழுங்கவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி நாக்கைத் தூக்கிப் பார்ப்பவள்.

அம்மாவுக்கு நுரையீரல் போய்விட்டது. கடைசியாக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது மூக்கையும் வாயையும் மூடி ஒரு முகமூடி மாட்டி, யந்திரத்தால் காற்றை அடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா அப்போது வேலைப் பயிற்சிக்காக வேறு ஊரில் இருந்தாள். தகவல் கேட்டுப் பேருந்து ஏறிவிட்டாள். எட்டு மணி நேரப் பயணம். அவள் வந்துகொண்டிருக்கிறாள் என்று தங்கை சொன்னதும், அம்மா முகமூடியைக் கையால் கீழே இழுத்தாள்.

“பெரியவ வர்றதுக்குள்ள இதை எடுக்கச் சொல்லிடு. அவ வந்தா விடமாட்டா. கட்டிப்போட்டாவது வச்சிருப்பா. என்னால முடியலடி. அவகிட்ட நான் சொன்னேன்னு சொல்லாத. தாங்கமாட்டா.”

டாக்டரும் அம்மாவிடம் கேட்டுக்கொண்டார், அம்மா தலையாட்டினாள். தங்கை கையெழுத்துப் போட்டாள். அம்மா போய் இரண்டு மணி நேரம் கழித்து அக்கா பையோடு ஓடிவந்தாள். படுக்கையைப் பார்த்தாள், படிவத்தில் இருந்த கையெழுத்தைப் பார்த்தாள்.

“ரெண்டு மணி நேரம் பொறுக்க முடியலையா உனக்கு?”

அவ்வளவுதான். அதன்பிறகு பேச்சு இல்லை. அம்மா சொன்னதை ஒற்றக்கா சொல்லவில்லை. ஒரே வாக்கியத்தில் தன்மேல் இருந்த பழியைத் துடைத்துப்போட்டிருக்கலாம். ஆனால், அக்கா காலம் முழுக்கக் காப்பாற்றிய அம்மா, அவள் வருவதற்குள் தப்பித்துப் போக நினைத்தாள் என்று எந்த வாயால் சொல்வது?

இத்தனையையும் அந்த மழை மத்தியானத்தில் முதன்முதலாக ஒரு மனிதரிடம் சொன்னாள். எழுத்தாளர் குறிப்பு எதுவும் எடுக்கவில்லை. அவள் முடித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “பாவம்மா நீங்க” என்றார். அந்த இரண்டு சொல்லுக்கு அவள் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அழுதாள். ஆறுதலாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை வரவேண்டாம் என்று தகவல் வந்தது. எழுத ஆரம்பித்துவிட்டாராம், யாரும் தொந்தரவு செய்யக்கூடாதாம். ஐந்தே மாதத்தில் நாற்பத்துநான்கு அத்தியாயங்கள் அவள் மேசைக்கு வந்தன.

முப்பது அத்தியாயங்கள்வரை அளவுகோல் ஒழுங்காக இறங்கியது. முப்பத்தோராம் அத்தியாயத்தில், போர்க்களத்தின் நடுவே மூத்த ராணி இளையவளின் கழுத்தில் வாளை வைத்து, தாய் சொன்ன சொல் என்ன என்று கேட்கிறாள். இளைய ராணி சொல்கிறாள்: ‘பெரியவள் வருவதற்குள் என் சுடரை அணைத்துவிடு. அவள் வந்தால் விடமாட்டாள். கட்டிப்போட்டாவது வைத்திருப்பாள். அதுதான் அம்மா சொன்னது.’

ஒற்றக்கா பேனாவைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தைப் புரட்டினாள். அடுத்த பக்கம் அதைவிட மோசம். இளைய ராணி சொன்னது பொய்யாம். தாய் அப்படிச் சொல்லவே இல்லையாம். அரியணைக்கு ஆசைப்பட்டு அவளே சுடரை அணைத்துவிட்டு, பழியைச் செத்தவள்மேல் போட்டிருக்கிறாள். அந்தப் பொய்யைக் கண்டுபிடிக்கும் மூத்த ராணி வானம் அதிர, ‘இரண்டு நாழிகை பொறுக்க முடியவில்லையா உனக்கு?’ என்று கேட்டு வாளை இறக்குகிறாள்.

அன்றைக்கே எழுத்தாளர் வீட்டுக்குப் போனாள். நாற்காலியில் உட்காரவில்லை.

“சார், அதை எடுத்துடுங்க.”

அவருக்கு எது என்று கேட்கவேண்டியிருக்கவில்லை. “எடுத்துட்டு எதை வைக்கிறது? சொல்லுங்க” என்றார். அவர் குரலில் கோபமில்லை; சந்தேகம் கேட்கும் மாணவனிடம் பேசுவதுபோலத்தான் பேசினார். “பாருங்க, உங்களுக்கு நடந்தது நிஜம். என் ராணி சொல்றது பொய். நேர் எதிர். அப்புறம் எப்படி அது உங்க கதை ஆகும்?”

“வார்த்தை அப்படியே இருக்கு சார்.”

“வார்த்தை யாருக்கும் சொந்தமில்லம்மா. ஜின்னுங்க சண்டை போடுது. இதுல உங்களை யார் தேடப் போறாங்க?”

முதலாளியிடம் போகலாமா என்று யோசித்தாள். போனால் என்ன என்று கேட்பார். என்ன என்று சொல்லவேண்டும். ஒருவரிடம் சொன்னதே போதும் என்று இருந்தது. மெய்ப்பு அவள் கையில்தான் இருந்தது. நான்கு வரியை அடித்துவிட்டால் யாருக்கும் தெரியாமல் போகவும் வாய்ப்புண்டு. அடிக்கவில்லை. ஆசிரியன் எழுதியதில் கை வைக்கக்கூடாது என்ற தொழில் ரோஷம் ஒருபக்கம். அக்காதான் தன் முகத்திலேயே விழிப்பதில்லையே, இந்தப் புத்தகத்திலா விழிக்கப் போகிறாள் என்ற நினைப்பு இன்னொருபக்கம். அந்தப் பக்கத்தில் ‘சுடரை கண்டு’ என்றிருந்ததைச் ‘சுடரைக் கண்டு’ என்று திருத்திக் கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

புத்தகம் வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அக்கா மகள் தொலைபேசியில் கூப்பிட்டாள்.

“சித்தி, அம்மாவுக்குக் கண்ணுல விழித்திரை கழண்டுடுச்சு. ஆபரேஷன் பண்ணியாச்சு. ரெண்டு வாரம் குப்புறவே படுத்திருக்கணும், தலையைத் தூக்கவே கூடாதாம். எனக்கு லீவு குடுக்கமாட்டேங்கறாங்க. அம்மா உங்களைக் கூப்பிடச் சொல்லல. நானாத்தான் கூப்பிடறேன்.”

ஒற்றக்கா அரை மணி நேரத்தில் போய் நின்றாள். ஆறு வருடத்தில் அந்த வீட்டுச் சுவரின் நிறம் மாறியிருந்தது. அக்கா கட்டிலில் குப்புறப் படுத்து, வட்டத் தலையணையில் நெற்றியைப் புதைத்திருந்தாள். கட்டில் ஓரமாகத் தரையில் ஒரு சாண் இடம் மட்டும் அவள் கண்ணுக்குத் தெரியும். அந்த இடத்தில் தங்கையின் பாதங்கள் வந்து நின்றன.

ஒற்றக்கா பையைத் தரையில் வைத்தாள்.

“கால் ஏன்டி இப்படி வீங்கியிருக்கு?” என்றது தலையணை. “உப்பைக் குறைன்னா கேட்கிறதே இல்ல.”

அதுதான் சமாதானம். இரண்டு பேரும் முகத்தைப் பார்க்காமல் பேசிக்கொள்வது சுலபமாக இருந்தது. ஒற்றக்கா சூப்பை உறிஞ்சுகுழாயில் கொடுத்தாள், சொட்டு மருந்து போட்டாள், குளிக்கவைத்தாள். கவுண்டரில் நாற்பது வருடம் உட்கார்ந்த முதுகைப் பிடித்துவிட்டாள். ஓய்வு பெற இன்னும் ஆறு மாதம்தான் இருக்கிறது என்று அக்கா சொன்னாள். மூன்றாவது நாள், “அலமாரியில மூணாவது பாகம் இருக்கு. பொண்ணு வாங்கிட்டு வந்தா, நான் தொடறதுக்குள்ள கண்ணு இப்படி ஆயிடுச்சு. நீதான் படிச்சுக் காட்டேன்” என்றாள்.

ஒற்றக்கா எழுந்துபோய்ப் புத்தகத்தை எடுத்துவந்தாள். முதல் இரண்டு பாகங்களையும், பேச்சு இருந்த நாட்களில், அவளேதான் அக்காவுக்குக் கொண்டுவந்து கொடுத்தவள்.

ஒரு நாளைக்கு நான்கு அத்தியாயம் என்று படித்தாள். அக்கா நல்ல ரசிகை. ஜின்கள் வெட்டிக்கொண்டால் தலையணைக்குள்ளிருந்தே “அப்படிப் போடு!” என்பாள். இளைய ராணி வரும்போதெல்லாம் “இவளை நம்பக்கூடாதுடி” என்பாள். முப்பதாம் அத்தியாயம் முடிந்த அன்று ஒற்றக்கா தலைவலி என்று சொல்லித் தப்பித்தாள். மறுநாள் தப்பிக்க வழியில்லை.

முப்பத்தோராம் அத்தியாயத்தைத் திறந்துவைத்துக்கொண்டு, அதில் இல்லாத ஒரு கதையை அவள் படித்தாள். இருபத்திரண்டு வருடத்தில் யாருடைய எழுத்திலும் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்காதவள், கூசாமல் ஒரு பக்கத்தை இட்டுக்கட்டினாள். அவள் படித்த அத்தியாயத்தில், தாய் ராணி இளையவளின் காதில் சொன்னது வேறொன்றுமில்லை, மூத்தவளைக் கூப்பிடத்தான். ‘பெரியவளைக் கூப்பிடு’ என்று மூன்று தரம் சொன்னாள், மூச்சு நின்றுவிட்டது. அக்காவைத்தான் தேடினாள், என்னைத் தேடவில்லையே என்ற பொறாமையில் இளையவள் அதை மறைத்துவிட்டாள்.

படித்து முடித்தபோது அக்காவின் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

“அக்கா, அழக்கூடாது. கண்ணு.”

“அம்மாவும் என்னை அப்படித்தான் கூப்பிட்டிருப்பா, இல்லடி?”

ஒற்றக்கா புத்தகத்தை மூடினாள். மூடி, “ஆமாக்கா” என்றாள். “உன்னைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தா.”

மிச்ச அத்தியாயங்களையும் அதற்கு ஒத்துப்போகும்படி மாற்றியே படித்து முடித்தாள். அதற்குப்பிறகு வந்த ஒன்றரை மாதம்தான் அவள் வாழ்க்கையில் கடைசியாக நன்றாக இருந்த காலம். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பூங்காவரை நடந்தார்கள். ஒற்றக்காவின் செருப்பு சரியில்லை என்று அக்கா கடைக்கு இழுத்துப்போய் நாலு ஜோடி மாட்டவைத்து, நாலும் சரியில்லை என்று கடைக்காரனைத் திட்டி அழைத்துவந்தாள். மூன்றாம் அறையில் இருந்த தட்டுமுட்டுச் சாமானை எடுத்துவிட்டால் நீ இங்கேயே வந்துவிடலாம் என்றாள். ஒற்றக்கா யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்து, வீட்டில் பெட்டியைத் துடைத்துவைத்தாள்.

ஆறாவது வாரம் டாக்டர் இனி படிக்கலாம் என்றார். படுத்த படுக்கையில் காதால் கேட்டதைக் கண்ணால் ஒரு தடவை அனுபவித்துப் படிப்போம் என்று அக்கா முதலில் எடுத்தது அந்தப் புத்தகத்தைத்தான்.

புதன்கிழமை மத்தியானம் அலுவலகத்துக்குத் தொலைபேசி வந்தது. “கிளம்பி வா” என்றாள் அக்கா. வேறு எதுவும் சொல்லவில்லை.

போனபோது அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். புத்தகம் விரித்தபடி இருந்தது. இப்போது முகத்துக்கு முகம். ஒரு கண்ணில் இன்னும் சிவப்பு வடியவில்லை.

“வெறும் கதைன்னா ஏன்டி மாத்திப் படிச்ச?”

ஒற்றக்கா நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா முகமூடியை இழுத்தது, சொன்னது, சொல்லாதே என்றது, எழுத்தாளர் வீட்டில் அவர் போட்ட தேநீரோடு அதைக் கொட்டித் தீர்த்தது. ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆறு வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததால் வார்த்தை தடுமாறாமல் வந்தது. அதுவே வினையாகப் போயிற்று. அக்கா கேட்டுக்கொண்டே விரலைப் புத்தகத்தின் வரிகள்மேல் நகர்த்திக்கொண்டிருந்தாள், சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல.

“அப்படியே இருக்கு. இவளும் இதையேதான் சொல்றா” என்றாள். “இவ சொல்றது பொய்னு அடுத்த பக்கத்துலயே போட்டிருக்கு.”

“அது அவரா சேர்த்ததுக்கா. அம்மா நிஜமா...”

“போன மாசம் என்ன சொன்ன? உன்னைத்தான் கேட்டான்னு சொன்ன. நான் அழுதேன். அது பொய்யா?”

“பொய்.”

“இது நிஜமா?”

“நிஜம்க்கா. சத்தியமா.”

“எனக்கு எப்படித் தெரியும்?”

அம்மாவைக் கேட்டு, அவள் தலையாட்டியதைப் பார்த்த டாக்டர் எந்த ஊரில் இருக்கிறாரோ. படிவத்தில் இருப்பது அவள் கையெழுத்து மட்டும்தான்.

அக்கா புத்தகத்தை மூடினாள். குரல் உயரவில்லை. “சரி, நிஜம்னே வச்சுக்கறேன். ஆறு வருஷம் நான் உன்னைக் கொலைகாரின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன். அப்ப வந்து சொல்லல. உன்னை வளர்த்தவகிட்ட சொல்லல. யாரோ ஒரு ஆளு, டீ போட்டுக் குடுத்தாருன்னு அவர்கிட்டப் போய் அம்மாவைத் தூக்கிக் குடுத்திருக்க. ஊர்ல இருக்கறவன் எல்லாம் படிச்சு முடிச்சப்புறம் எனக்குத் தெரியுது. எனக்கு மட்டும் நீ வேற கதை படிச்சுக் காட்டின, குழந்தைக்குப் படிக்கிற மாதிரி.”

“உனக்கு வலிக்கக்கூடாதுன்னுதான்...”

“எழுந்திரு” என்றாள் அக்கா, அவள் நின்றுகொண்டிருக்கிறாள் என்பதையும் மறந்து. “போயிடு.”

மகள் இரண்டு மூன்று தடவை நடுவில் பேசிப்பார்த்தாள். “அம்மா பிடிகுடுக்க மாட்டேங்கறாங்க சித்தி” என்று அவளும் ஓய்ந்துவிட்டாள்.

மூன்றாம் பாகத்துக்குப் பெரிய வரவேற்பு. நான்கு மாதத்தில் இரண்டாம் பதிப்பு. அதற்கொரு விழா வைத்தார்கள்; பதிப்பக ஊழியர்கள் எல்லோரும் வரவேண்டும் என்றார் முதலாளி. ஒற்றக்கா மூன்றாம் வரிசையில் உட்கார்ந்தாள். முப்பத்தோராம் அத்தியாயம் எப்படித் தோன்றியது என்று ஒருவர் கேட்டார். எழுத்தாளர் கொஞ்சம் யோசித்து, ஒரு மழை நாளில் தானாக வந்தது என்றார். பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். “இளைய ராணி உண்மையைச் சொல்லியிருந்தா? தாய் நிஜமாவே அப்படிச் சொல்லியிருக்க வாய்ப்பில்லையா?” என்று கேட்டாள்.

“இல்லம்மா” என்றார் எழுத்தாளர் சிரித்துக்கொண்டே. “படைச்சவன் நான் சொல்றேன். அவ பொய்தான் சொன்னா.”

அரங்கம் கைதட்டியது. எழுத்தாளரின் பார்வை மூன்றாம் வரிசைக்கு வந்து, சட்டென்று விலகிப் பூங்கொத்தின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது. ஒற்றக்கா பையை எடுத்துக்கொண்டு, மன்னிக்கவும் மன்னிக்கவும் என்று முழங்கால்களைத் தாண்டி வெளியே வந்தாள்.

விழா நடந்த கட்டடத்துக்கு எதிரேதான் பேருந்து நிலையம். அன்று மூன்றாம் கவுண்டரில் அக்கா இருந்தாள். மற்ற இரண்டும் மூடியிருந்தன. ஒற்றக்கா வரிசையில் நின்றாள். முன்னால் ஒன்பது பேர். வரிசை நகர நகர, என்ன பேசுவது என்று ஒன்பது விதமாக யோசித்தாள். கண்ணாடி ஓட்டைக்கு முன்னால் வந்தபோது ஒன்றும் மிஞ்சவில்லை.

“எங்க போகணும்?” என்றாள் அக்கா, எல்லோரிடமும் கேட்கும் குரலில். கண் இரண்டும் நன்றாகத் தெளிந்திருந்தது.

ஒற்றக்கா தன் நிறுத்தத்தின் பெயரைச் சொன்னாள். டிக்கெட் வந்தது. அவள் நகராமல் நின்றதும் பின்னால் நின்றவர் முதுகைத் தட்டினார்.

அக்கா அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெற்றாள். வழியனுப்பு விழாவுக்குத் தங்கையை அழைக்கவில்லை. ஒற்றக்கா இன்னும் அதே மேசையில் மெய்ப்புப் பார்க்கிறாள். எழுத்தாளர் புதிதாக எழுதத் தொடங்கியிருக்கிறார், சனிக்கிழமைகளில் வரமுடியுமா என்று முதலாளி மூலமாகக் கேட்டனுப்பினார். முடியாது என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டார்கள். சொல்லவில்லை.